மே தினத்துக்கு வர்ற பஸ் மெட்ச்சுக்கு ஏன் வராது?

மே மாதம் முதலாம் திகதி என்றால் தோட்டத்து வாசலுக்கே பஸ் வந்து நிற்கும். தொப்பி, டீசேர்ட், சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் கிடைக்கும். டிக்கட் கிடையாது. கூட்டம் எத்தனை மணிக்கு முடிந்தாலும் அதே பஸ் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். தேர்தல் காலத்திலும் இதே கதைதான். ஆகவே பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களுக்கு விசேடமாக பஸ் விட வழியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மை ஏற்றிப் போவதில் அவர்களுக்கு ஒரு லாபம் இருந்தால் பஸ் வரும். நமக்கு ஒரு சந்தோஷம் இருக்கிற இடத்துக்குப் போக என்றால் வராது. விஷயம் அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலோ, மாவட்டத்தின் மற்ற டவுன் கிரவுண்டுகளிலோ முக்கியமான உதைபந்தாட்டப் போட்டி நடக்கும் நாளில், தோட்டங்களிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு இலவச பஸ் வேண்டும். வருவதற்கு ஒன்று, கடைசி விசில் ஊதி அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் போவதற்கு ஒன்று. பாடசாலைப் போட்டியானாலும் சரி, கழகப் போட்டியானாலும் சரி.

இதைச் சொன்னவுடனே சிலர் சிரிக்கிறார்கள். "மெட்ச் பார்க்கவும் ஓசி பஸ்ஸா?" என்கிறார்கள். சிரிப்பவர்களில் பெரும்பாலானோர் டவுனில் இருப்பவர்கள். மெட்ச் முடிந்ததும் நடந்தே வீட்டுக்குப் போய் பிளேன்டீ குடிக்கக்கூடியவர்கள்.

அவர்களுக்காக ஒரு கணக்கு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். இப்போது மெட்ச் இழுபட்டு கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று வையுங்கள். மிச்சம் ஆட்டோதான். பதுளையிலிருந்து பசறைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்றே வைத்தாலும் 1,800 ரூபாய். பசறையோடு பயணம் முடிவதுமில்லை, அங்கிருந்து தோட்டத்துக்கு மேலே ஏற வேண்டும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்த காசு, மகன் ஆடுகிற ஒரு மெட்ச்சைப் பார்த்துவிட்டு வீடு திரும்பக் காணாது.

அதனால் என்ன நடக்கிறது? வார நாளில் போட்டி வைத்தால் அம்மாவும் அப்பாவும் மலையில். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவர்களுக்கு லீவு, ஆனால் அன்றைக்கு பஸ்ஸும் பாதி லீவு. வந்தவர்களும் இரண்டாம் பாதி தொடங்கும்போதே மணியைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பெனால்டி வரைக்கும் போகிற இறுதிப் போட்டியை, கடைசி உதை வரைக்கும் இருந்து பார்த்த தோட்டத்து அம்மா எத்தனை பேர்? கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் இது தெரியும். தோட்டத்துக்கு ஒரு அணி இருக்கிறது. சரிவான சின்னக் கிரவுண்டில், பந்து தேயிலைக்குள் உருண்டு போனால் இறங்கி எடுத்துவந்து ஆடிப் பழகிய பிள்ளைகள். அங்கே ஆடும்போது லயமே கூடி நின்று கத்தும். அதே பிள்ளைகள் டவுனில் பெரிய கிரவுண்டில் இறங்கும்போது அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. மாவட்டமே அவர்களுடையது, ஆனாலும் எப்போதும் வெளியூர் அணி மாதிரித்தான் ஆடுகிறார்கள்.

பொம்பளைப் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். "எப்படித் திரும்பி வருவ?" என்ற ஒரே கேள்வியோடு அவர்களுடைய ஆட்டம் முடிந்துவிடுகிறது. கேட்கிற அம்மாவை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டோம். இருட்டின ரோட்டில் மகள் தனியாக நடந்து வருவதை யார் விரும்புவார்கள்? அந்தக் கேள்விக்கு "நீங்களும் வாங்க அம்மா, மெட்ச் முடிஞ்சதும் பஸ் இருக்கு" என்று பதில் சொல்ல முடிந்தால் எத்தனை பிள்ளைகள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள்!

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. ஜெர்மனியில் பல கழகங்களின் மெட்ச் டிக்கட்டே அன்றைய பஸ், ரயில் டிக்கட்டாகவும் செல்லும். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தின்போது டிக்கட் வைத்திருந்தவர்கள் உள்ளூர்ப் போக்குவரத்தில் 36 மணித்தியாலம் இலவசமாகப் போகலாம்: போட்டி நாள் காலை 6 மணியிலிருந்து மறுநாள் மாலை 6 மணி வரை. 2018இல் ரஷ்யா, போட்டி நடக்கும் நகரங்களுக்கிடையே ரசிகர்களுக்கு இலவச ரயில் விட்டது. 2022இல் கட்டாரில் ரசிகர் அட்டை வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். உதைபந்து இல்லை, கிரிக்கெட்தான், ஆனாலும் பக்கத்தில் சென்னையைப் பாருங்கள். 2024 ஐபிஎல்லில் சேப்பாக்கம் டிக்கட்டைக் காட்டியவர்கள் மாநகரப் பஸ்ஸில் காசில்லாமல் போனார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கெல்லாம் இலவசம் கிடைத்தது பெரும்பாலும் காசு கொடுத்து டிக்கட் வாங்கக்கூடியவர்களுக்கு. மெட்ரோவும் ராத்திரி பஸ்ஸும் ஏற்கெனவே இருக்கிற நகரங்களில், கார் நெரிசலைக் குறைக்க. நமக்குக் குறைக்க நெரிசல் இல்லை. வரவே முடியாத ஆட்களை வரவைக்கத்தான் பஸ் கேட்கிறோம். அப்படிப் பார்த்தால் பெர்லினைவிட பதுளைக்குத்தான் இது அவசியம். கட்டாருக்கு வேலைக்குப் போன நம்ம அண்ணன்மாருக்கு தோஹா மெட்ரோ தெரியும். சொந்த மாவட்டத்தில் தம்பி ஆடுகிற மெட்ச்சிலிருந்து வீட்டுக்குத் திரும்பத்தான் வழி தெரியாது.

"நாட்டில் காசு இல்ல" என்பார்கள். சரி. கதிர்காமத் திருவிழாவுக்கு விசேட பஸ், பொசனுக்கு விசேட ரயில், சித்திரைப் புத்தாண்டுக்கு மேலதிக பஸ் எல்லாம் வருகின்றன. வரட்டும், நாங்களும் அதில்தான் போகிறோம். விசேட சேவை போடத் தெரியாத நாடு இல்லை இது என்றுதான் சொல்கிறோம். நாங்கள் கேட்பது தினமும் இல்லை. அரையிறுதி, இறுதி என்று வருடத்தில் சில நாட்கள், சில பஸ்கள். டீசலும் சாரதி, நடத்துநர் சம்பளமும்தான் செலவு.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு பஸ் விடுங்க, பிறகு மெட்ச்சுக்குப் பார்க்கலாம்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் வேண்டும். ஆனால் தோட்டத்து ஆட்கள் நோய், வேலை, ஓட்டு இந்த மூன்றுக்கு மட்டும்தான் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வெள்ளைக்கார துரை காலத்து நினைப்பு அது.

"குடிச்சிட்டு சண்டை போடுவாங்க" என்பார்கள். சண்டை போடுபவனுக்கு எப்போதும் ஒரு லொறியோ மோட்டார் சைக்கிளோ கிடைத்துவிடுகிறது. பஸ் இல்லாமல் நின்றுபோவது அம்மாவும் தங்கச்சியும் தாத்தாவும்தான். அவர்கள் வந்து உட்கார்ந்தால் கூட்டத்தின் குணமே மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து வந்த பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பகல் வெளிச்சத்தில். இந்த ரோடுகளில்தான் மெட்ச் முடிந்த இருட்டில் ஒரு ஆட்டோவில் ஏழு பேரும், லொறிப் பின்பக்கம் ஒரு அணியும் வருகிறார்கள். நல்ல பஸ்ஸும் ஓய்வெடுத்த சாரதியும் கேட்பது ஆடம்பரமா?

அப்படியானால் யாரிடம் கேட்பது? ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். ஆனால் மாகாண விளையாட்டுத் திணைக்களம் இருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இப்போது சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டங்களுக்குச் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடை என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018இல் அதுவும் திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கு இனிச் செல்லாது. தோட்டக் கம்பனிகளும் ஒரு பங்கு போடட்டும். ஆடுவது அவர்களுடைய தொழிலாளிகளின் பிள்ளைகள்.

செய்ய வேண்டியது இதுதான். போட்டி அட்டவணை போடும்போதே பஸ் அட்டவணையும் போட வேண்டும். எந்தத் தோட்டத்துச் சந்தியிலிருந்து எத்தனை மணிக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் முன் ஆசனம். அடையாள அட்டை, சந்தா, கட்சிக் கொடி எதுவும் கேட்கக்கூடாது. ஏறுகிற எல்லோரும் ரசிகர்கள்தான்.

வாசிக்கிற நீங்கள் ஒரு கழகத்தில் இருந்தால், அடுத்த போட்டிக்கு முன்னால் உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தத் தோட்டம், எத்தனை பேர், எத்தனை மணி. முடியாது என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த மே மாதம் அவர் பஸ்ஸோடு வாசலுக்கு வரும்போது அந்தத் துண்டை அவர் கையில் கொடுக்கலாம்.