தரைக்கு இறங்கிய கியர்

அம்பாசிடர், பத்மினி கார்களின் முன் இருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் லீவர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் காலை இடிக்க எதுவும் இல்லை. ஆனால் இந்த 'ஹேண்ட் கியர்' மீது சொந்தக்காரர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஸ்டீயரிங்கிலிருந்து கியர் பாக்ஸ் வரை செல்லும் கம்பிகளும் இணைப்புகளும் தேயத் தேய, மூன்றாவது கியரைக் கை துழாவ வேண்டியிருக்கும். 1983ல் மாருதி 800 வந்தது. தரையில் நின்ற அதன் குட்டை லீவரைப் பார்த்தபின் பழைய வண்டிக்காரர்களுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது. ஆசை நிற்கவில்லை. பிரியத்தோடு பழைய வண்டியைப் பராமரிப்பவர்கள் இன்றும் கியரைத் தரைக்கு இறக்குகிறார்கள். வண்டி சாலைக்கு வந்ததும்தான் தெரிகிறது, கூடவே இரைச்சலும் ஏறிக்கொண்டது என்று.

காரணம் இரண்டு. லீவரை நிறுத்த, கியர் பாக்ஸுக்கு மேலுள்ள தகரத்தில் ஓட்டை போடுகிறார்கள். எஞ்சின், டயர் சத்தமெல்லாம் அந்த வழியாக உள்ளே வருகிறது. அடுத்தது, லீவரே அதிர்வைச் சுமந்து வருகிறது. கம்பெனி லீவர்களில் பெரும்பாலும் இடையில் ரப்பர் இருக்கும். சந்தையில் விற்கும் லீவர்கள் பலவற்றில் இரும்போடு இரும்பு உரசும். கியர் 'டக்'கென்று விழுவதும் அதனால்தான், காது வலிப்பதும் அதனால்தான்.

பலர் உடனே தரை முழுக்கத் தார் ஷீட் ஒட்டிவிடுகிறார்கள். தார் ஷீட் தகரம் அதிர்வதைக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது. முதல் வேலை ஓட்டையில்தான். லீவரைச் சுற்றி ரப்பர் உறை வேண்டும். தகரத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டாக இருந்தால் நல்லது. எஞ்சின் குலுங்கும்போது கிழியாதபடி உறை சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். பிறகு லீவரின் அடியில் ரப்பர் புஷ். தார் ஷீட்டின் முறை அதற்கப்புறம்தான்.

சத்தத்தை அடக்கும் முன் அது என்ன சொல்கிறது என்று கேட்பதும் அவசியம். குமிழைப் பிடித்ததும் கடகடப்பு நின்றால் குற்றம் லீவரில். நியூட்ரலில் கேட்கும் முனகல் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதைத் தார் ஷீட்டால் மூடினால் செலவு பின்னால் காத்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சத்தம் நுழையும் வழியில் புகையும் நுழையும். சைலன்ஸர் குழாய் எங்காவது ஓட்டையாகி இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போகும் குளிர்கால இரவில் அது உயிரையே எடுத்துவிடும்.

சோதனை எளிது. இரவில் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் டார்ச்சை எரியவிட்டு, உள்ளிருந்து லீவரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மெக்கானிக்கின் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.