கடல் முயலும் நம் இலக்கியச் சோம்பலும்

நினைவைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் அரிது. ஆனால் நினைவைக் குறித்து அறிவியல் கண்டறிந்தவற்றைப் பற்றி நம் இலக்கிய வட்டங்களில் பேச்செடுத்தால் இரண்டே எதிர்வினைகள் எழுகின்றன. ஒன்று ஏளனம்: 'நத்தையை ஊசியால் குத்தியா மனித மனத்தை அறியப்போகிறார்கள்?' மற்றொன்று புல்லரிப்பு: 'நினைவை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு மாற்றிவிட்டார்களாமே!' இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், ஒரே சோம்பலின் இரு முகங்கள் என்பதே நம் வாதம். சோதனையில் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை இரு சாராரும் படிப்பதில்லை.

முதலில் அந்த உயிரைப் பற்றி. அப்ளீசியா கலிபோர்னிகா என்பது கலிபோர்னியக் கடற்கரையை ஒட்டி வாழும், பாசி தின்னும் ஒரு கடல் நத்தை. தலையில் முயற்காதுகள் போல இரு உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதால் கடல் முயல் என்று பெயர் பெற்றது. ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். இதன் நரம்பு மண்டலத்தில் சுமார் 20,000. அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. ஒவ்வொரு விலங்கிலும் அதே இடத்தில் இருப்பவை. ஆகவே ஆய்வாளர் ஒரு குறிப்பிட்ட நியூரானுக்கு அடையாளமிட்டு, அது யாரோடு பேசுகிறது என்று கேட்க முடிந்தது. இந்த விலங்கைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் இதுதான். மனிதன் நத்தையைப் போன்றவன் என்று எவரும் சொல்லவில்லை.

எரிக் கண்டெல் 1960களில் இவ்விலங்கை நாடியபோது, முதுகெலும்பற்ற ஒன்றிடம் மனிதனைப் பற்றிக் கற்க என்ன இருக்கிறது என்று துறையின் மூத்தோர் பலர் ஐயுற்றனர். அவர் பாரிசில் லாடிஸ்லாவ் டாக்கிடம் சென்று அதன் நரம்பணுக்களோடு பழகினார். பின்னர் சக ஆய்வாளர்களோடு அவர் செய்த சோதனை மிக எளியது. கடல் முயல் நீரை வெளியேற்றும் குழலை மெல்லத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் பழகிப்போய் இழுப்பது குறையும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால் வெகுவாகச் சுருங்கும். ஓர் அதிர்ச்சியின் விளைவு நிமிடங்கள் நிற்கும். இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கும்.

இந்த வேறுபாட்டின் அடியில் என்ன நிகழ்கிறது என்பதே அவர்கள் கண்டறிந்த பெருஞ்செய்தி. குறுகிய கால நினைவில், இரு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் முன்னரே உள்ள இணைப்பு வலுப்பெறுகிறது; செரடோனின் அதற்குத் தூண்டுகோல். நீண்ட கால நினைவுக்கோ மரபணுக்கள் விழித்தெழ வேண்டும், புதிய புரதங்கள் உருவாக வேண்டும், புதிய இணைப்புகள் முளைக்க வேண்டும். அதாவது நிலைக்கும் நினைவு உடலின் வடிவத்தையே மாற்றுகிறது. இதே மூலக்கூறுகளின் பங்கு பழ ஈக்களிடத்தும் எலிகளிடத்தும் பிறகு காணப்பட்டது. 2000இல் அர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்ட் ஆகியோரோடு கண்டெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏளனக்காரர்களுக்கு ஒரு தகவல். கண்டெல் 1929இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938 நவம்பரில், ஒன்பது வயதில், அவர் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. திரும்பி வந்தபோது பொருள்கள் பறிபோயிருந்தன, பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த பொம்மைக் கார் உட்பட. மறு ஆண்டு அமெரிக்காவுக்குத் தப்பினார். மனத்தின் மீதும் நினைவின் மீதும் தமக்கு ஏற்பட்ட தீராத ஈடுபாட்டை அந்த இறுதி வியன்னா ஆண்டோடு அவரே தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார். நினைவு எத்தனை பாரமானது என்பதை நம்மில் எவரையும்விட நன்கறிந்தவர்தாம் நத்தையிடம் போனார். விடை கிடைக்கக்கூடிய கேள்வியாக அதைச் சுருக்கிக்கொள்ளும் அடக்கம் அவருக்கு இருந்தது. அந்த அடக்கத்தை அற்பம் என்று நகைப்பவர்களுக்கு எத்தகுதி இருக்கிறது?

இனிப் புல்லரிப்பாளர்கள். 2018இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டேவிட் கிளான்ஸ்மனின் குழு, அதிர்ச்சி பெற்ற கடல் முயல்களின் நரம்பு மண்டலத்திலிருந்து ஆர்என்ஏ பிரித்தெடுத்து, அதிர்ச்சி பெறாத ஏழு விலங்குகளுக்குச் செலுத்தியது. அவையும் தொட்டபோது சராசரியாக நாற்பது விநாடி அளவுக்குச் சுருங்கியிருந்தன. 'நினைவு இடம் மாற்றப்பட்டது' என்று உலகெங்கும் தலைப்புகள் ஓடின. மாறியது என்ன? ஒரு பொதுவான விழிப்பு, ஓர் அச்சக் கூர்மை. எந்த நாளில், எந்தத் தொட்டியில், யார் கையால் அதிர்ச்சி கிடைத்தது என்ற செய்தி எதுவும் அங்கே கைமாறவில்லை. நீண்ட கால நினைவு சினாப்ஸில்தான் தங்குகிறதா, உயிரணுவின் கருவுக்குள்ளும் ஏதேனும் தங்குகிறதா என்று அச்சோதனை எழுப்பிய கேள்வி உண்மையிலேயே சுவையானது. நம்மவர்களோ கேள்வியை விட்டுவிட்டு முற்பிறவி ஞாபகத்துக்குச் சான்று தேடினார்கள். 1960களில் ஜேம்ஸ் மெக்கானல் பயிற்றுவித்த தட்டைப் புழுக்களை நறுக்கிப் பிற புழுக்களுக்கு ஊட்டி நினைவு மாறியதாக அறிவித்ததும், பிறர் அதை உறுதியாக மீட்டிக்காட்ட முடியாமற் போனதும் தெரிந்திருந்தால் சற்றே நிதானித்திருப்பார்கள்.

யாருடையது எது என்று நிதானமாகப் பார்ப்பதன் அருமைக்கு அதே இனத்தின் நஞ்சும் ஒரு பாடம். கடல் முயல் கொடிய நச்சுயிர் என்று ரோமானியரான பிளினி பதினெட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே எழுதிவைத்தார். அதன் உறவான டொலாபெல்லா ஆரிகுலேரியாவிலிருந்து ஜார்ஜ் பெட்டிட்டின் குழு டோலாஸ்டாடின் 10 என்ற நஞ்சைப் பிரித்து, 1987இல் அதன் அமைப்பை வெளியிட்டது. பல நூறு கிலோ உயிரிகளிலிருந்து கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். நேரடி மருந்தாக அது பயன்படவில்லை. அதன் மாதிரியில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட சேர்மத்தை எதிர்ப்புப் புரதம் ஒன்றோடு இணைத்தபோது ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்கான மருந்து பிறந்தது; 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதற்கிடையே, 2001இல், அதே நஞ்சு ஒரு நீலப்பச்சைப் பாசியில் கண்டெடுக்கப்பட்டது. நஞ்சு முயலின் சொந்தச் சரக்கன்று, தின்ற உணவு தந்தது என்று கருத இடமேற்பட்டது. வதந்தியிலிருந்து மருந்துக்கு வந்த இந்த நெடுவழியில் ஒவ்வோர் அடியும் 'இது எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டவர்களால் வைக்கப்பட்டது.

இதிலெல்லாம் இலக்கியவாதிக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. மறதி நோயில் பெற்றோர் தம் பிள்ளைகளின் பெயரையே இழந்துகொண்டிருக்கும் வீடுகள் நம்மைச் சுற்றிப் பெருகிவருகின்றன. அவ்வீடுகளின் வாசலில் ஞாபக சக்தி லேகியமும் மாத்திரையும் விற்பவர்கள் காத்து நிற்கிறார்கள். அறிவியலில் எதுவுமில்லை என்ற ஏளனமும், அறிவியலால் எல்லாம் ஆகும் என்ற புல்லரிப்பும் அவர்களுக்கே வாடிக்கையாளரைச் சேர்த்துத் தருகின்றன. சொல்லின் மதிப்பறிந்தவர்கள் என்று கூறிக்கொள்ளும் நாமே 'நினைவு' என்ற சொல்லை இப்படி எடைபோடாமல் அள்ளி வீசினால், வேறு யார் அதற்குக் காவல் நிற்பார்கள்?

செவுளைச் சுருக்கும் நத்தைக்குள் அம்மாவின் குரல் இல்லை. இருப்பதாக எந்த ஆய்வாளரும் சொன்னதில்லை. ஆனால் அக்குரல் நம்முள் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு உடல் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற அறிவு அந்த நத்தையிடமிருந்து தொடங்கியது. அதை உவமையாக்க விரும்புவோர் தாராளமாக ஆக்கட்டும். அதற்கு முன் சோதனையை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். படிக்க நேரமில்லாதவர்கள் உவமைக்கு வேறு விலங்கைத் தேடிக்கொள்வது நலம்.