படம் இருந்தும் இல்லாத பக்கங்கள்

இணையதளத்தின் ஒரு பக்கத்தில் படம் இருப்பது வேறு. அந்தப் படம் இன்ன பொருளுக்கு உரியது என்று தேடுபொறிக்கு முறைப்படி அறிவித்திருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தால் காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் ஒரு நெசவாளர் குடும்பம் பட்ட சங்கடத்தை அண்மையில் அருகிருந்து பார்த்தேன். இடைத்தரகர் தயவை நம்பியிராமல், தம் தறியில் இறங்கும் பட்டுச் சேலைகளைத் தாமே விற்க வேண்டுமென்ற விருப்பத்தினால், அவ்வீட்டு இளைஞர் ஓர் இணையதளம் அமைத்து, சேலைக்கு ஒரு பக்கமாக, உடலும் கரையும் முந்தானையும் துலக்கமாகத் தெரியும்படி படங்களை ஏற்றி வைத்திருந்தார். ஆனால் தளத்தின் குறைகளைத் தெரிவிக்கும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் 'இமேஜ்' என்னும் புலம் விடுபட்டிருக்கிறது என்ற பிழைக் குறிப்பே நின்றது. "படம் பளிச்சுனு தெரியுதே சார், அப்புறம் எதை இல்லைங்குது?" என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

நம் கண்ணுக்குத் தோன்றும் பக்கத்தின் பின்னால், இயந்திரம் வாசிப்பதற்கென்றே எழுதப்படும் குறிப்பு ஒன்று இருக்கிறது. 2011 ஜூன் மாதத்தில் கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்றும் கூடி, பொருளின் பெயர், விலை, படம் முதலியவற்றை எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்பதற்கு ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்றொகுதியை ஏற்படுத்தின. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனமும் அவ்வாண்டிலேயே அவற்றுடன் சேர்ந்துகொண்டது. அச்சொற்களைக் கொண்டு, ஜேசன்-எல்டி என்னும் வடிவத்தில் எழுதப்படும் குறிப்பையே தேடுபொறி இன்று பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்கிறது. விற்பனைப் பொருளைப் படத்தோடும் விலையோடும் காட்ட வேண்டுமானால், அக்குறிப்பில் படம் கட்டாயம். செய்திக் கட்டுரைக்கோ அது விரும்பத்தக்கது மட்டுமே. இந்தத் தாரதம்மியத்தை அறியாமல் எல்லா எச்சரிக்கைகளையும் ஒரே தரத்தில் வைத்து அஞ்சுகிறவர்கள் பலர்.

படம் விடுபடுவதால் என்ன நேரும் என்பதற்கு அண்டை ஊரிலேயே ஓர் உவமை உண்டு. ஓரிக்கையிலிருந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயதும் முதலிய தகுதிகள் உடையவன் பெயரே ஊர்ச் சபைக்கு ஆள் தேரும் குடவோலைக்கு எழுதப்பட வேண்டும் என்று அது பொதுவாக விதிக்கிறது. விதித்த தகுதி இல்லாதவன் ஓலை குடத்துக்குள் போகாது. அதனால் அவன் ஊரில் இல்லாதவன் ஆகிவிடுவதும் இல்லை. படம் விடுபட்ட பக்கத்தின் நிலையும் இத்தகையதே. சாதாரணத் தேடலில் அது வந்துகொண்டுதான் இருக்கும். படத்தோடும் விலையோடும் தோன்றும் வரிசையில் மட்டும் அதற்கு இடமில்லை. பட்டுச் சேலையைப் படம் பார்க்காமல் எவரும் வாங்க முன்வருவதில்லை ஆதலால், அந்த வரிசையில் இடமில்லாமை நெசவாளருக்குச் சிறிய நஷ்டம் அன்று.

பக்கத்தின் மூலத்தைத் திறந்து, கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனைக் கருவியில் இட்டு நிதானமாகப் பரிசீலித்தபோது காரணம் புலப்பட்டது. ஒரே சேலைக்கு இரண்டு குறிப்புகள் இருந்தன: ஒன்று தளத்தின் தீம் தானாக எழுதியது, மற்றொன்று பின்னால் சேர்த்த பிளகின் எழுதியது. பிளகினின் குறிப்பில் படம் இருந்தது. தீமின் குறிப்பில் பெயரும் விலையும் மட்டுமே இருந்தன. பிழை அந்தக் குறைக் குறிப்பின் மேல் விழுந்ததேயன்றிப் படத்தின் மேல் விழவில்லை. அதை நிறுத்தியதும் பெரும்பாலான பக்கங்கள் நேராயின. வேறு சிலவற்றில், இளைஞர் படங்களை விவரணத்தின் நடுவே செருகிவிட்டு, பிரதானப் படம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். பிளகின் அந்த ஓரிடத்தை மட்டுமே பார்க்குமாதலால், பத்துப் படங்கள் இருந்தும் ஒன்றுமில்லை என்றே எழுதிவிட்டது. 'இமேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டாலும் புலம் கணக்கில் வாராது என்பதையும், முகவரியை முழுமையாக எழுதாமல் பாதியில் தொடங்கினால் படம் தவறிப் போகலாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பிழைக் குறிப்பு மறைந்த பின்னும் சில சேலைகளுக்குப் படம் தோன்றவில்லை. இது நம் மொழிக்கே உரிய சிக்கலாதலால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இளைஞர் படக் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டிருந்தார். ஒன்றின் பெயர் 'கோர்வை'. யூனிகோடில் 'கோ' என்பதைக் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக எழுதலாம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சேவையகத்துக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கோப்பு பிரிந்த வடிவில் ஏறியிருக்க, அவர் சில பக்கங்களுக்குக் கையால் எழுதிய குறிப்பில் முகவரி சேர்ந்த வடிவில் இருந்தது. ஆகவே புலம் நிரம்பியிருந்தது, பிழையும் இல்லை; ஆனால் அம்முகவரிக்குச் சென்ற இயந்திரத்துக்குப் படம் கிடைக்கவில்லை. இதற்காகத் தமிழ்ப் பெயரையே கைவிட்டு ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகவரியைத் தட்டச்சு செய்யாமல், படத்தைத் திறந்து அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டினால் போதும். அவ்வாறு செய்ததும் கோர்வைச் சேலையின் படம் கிடைத்துவிட்டது.

பிழையை அகற்றுவதற்கு இன்னும் எளிதான வழி ஒன்றைச் சிலர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்: எல்லாப் பக்கங்களிலும் கடையின் இலச்சினையையோ, அழகான ஏதோ ஒரு சேலையின் படத்தையோ இட்டுவிடுவது. அப்படி இட்டால் கருவி மௌனமாகிவிடும் என்பது உண்மை. ஆனால் படம் அந்தப் பக்கத்துப் பொருளையே காட்ட வேண்டும் என்பது தேடுபொறியின் விதி. அவ்விதி இல்லாவிடினும் காஞ்சிபுரத்துக்காரர் இதைச் செய்யலாகாது என்பது என் அபிப்பிராயம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பட்டின் பெயரைச் சொல்லி எத்தனையோ போலிகள் விற்கப்படுகின்றன. உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு ஒரு வர்ணமுமாக, மூன்று நாடாக்களைக் கொண்டு, பக்கத்தில் ஓர் உதவியாளரையும் வைத்துக்கொண்டு, இழைக்கு இழை கோத்து நெய்வதே கோர்வை. உடலும் கரையும் சேரும் அந்தக் கோட்டை நெருங்கிப் பார்த்துத்தான் வாங்குபவர் வேலையின் தரத்தை நிதானிக்கிறார். அக்கோடு தெரியும் படம் ஒரு சாட்சியம். ஒரு சேலைக்கு மற்றொரு சேலையின் சாட்சியத்தை வைப்பது, போலி விற்பவனுக்கும் நமக்கும் உள்ள பேதத்தை நாமே அழித்துக்கொள்வதாகும்.

இளைஞரின் தாயார் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அந்தச் சேலைய நெய்ஞ்சது நாங்க. வேற சேலையக் காட்டி இதை எப்படித் தம்பி விக்கிறது?"

சர்ச் கன்சோலில் திருத்தத்தைச் சரிபார்க்கும்படி விண்ணப்பித்தாயிற்று. அதன் முடிவு வரச் சில நாட்களோ, இரண்டு வாரங்கள் வரையோ ஆகலாம். படம் எடுக்கும் முன்பே விற்றுப்போன பழைய சேலைகளின் பக்கங்கள் சில எஞ்சியிருந்தன. அவற்றுக்குப் படம் இனிக் கிடைக்கப் போவதில்லை. அச்சேலைகள் விற்பனைக்கும் இல்லை. ஆகையால் அப்பக்கங்களிலிருந்து விற்பனைக் குறிப்பை நீக்கிவிட்டு, நெய்த விவரத்தை மட்டும் எழுத்தாக வைத்துக்கொள்வதென்று அவர்கள் தீர்மானித்தார்கள்.