ஒரே ஒரு ஃபோட்டான் வேணும்

எங்க ஊரு லோயர் கேம்ப். தேக்கடித் தண்ணி மலைக்குள்ள குடைஞ்சு வந்து, ராட்சதக் குழாய்ல இறங்கி, பவர் ஹவுஸ்ல நாலு டர்பைனைச் சுத்திட்டு கம்பம் வயலுக்குப் போகும். ஷட்டரை இறக்கினா தண்ணி குறையும், சரி. ஆனா ஒவ்வொரு சொட்டா எண்ணி விட முடியுமா?

ஒளியிலயும் இதே தொல்லைதான் மக்களே. குவாண்டம் முறையில ரகசியச் சாவி அனுப்ப, துடிப்புக்கு ஒரு ஃபோட்டான் தேவை. பெரும்பாலும் என்ன செய்றாங்கன்னா, லேசரை மங்க வெச்சு ஒப்பேத்துறாங்க. சராசரி 0.1 ஃபோட்டான்னு வெச்சுக்கங்க. 1000 துடிப்புல சுமார் 905 காலி, 90-ல ஒண்ணு, மிச்சம் அஞ்சுல ரெண்டோ அதுக்கு மேலயோ. அந்த அஞ்சுதான் திருடனுக்கு வாசல்! ஒண்ணை உருவிக்கிட்டு மத்ததைப் போக விட்டுருவான். இன்னும் மங்க வெச்சா காலித் துடிப்புதான் கூடும்.

குவாண்டம் புள்ளி வேற ரகம். காலியம் ஆர்சனைடுக்குள்ள சில பத்து நானோமீட்டர் அகலத்துல ஒரு இண்டியம் ஆர்சனைடு தீவு. அதுல ஒரு எலக்ட்ரானும் ஒரு துளையும் மாட்டி, சேர்ந்தா ஒரே ஃபோட்டான். ரெண்டு ஜோடி மாட்டினா? முதல்ல வர்ற ஃபோட்டானோட நிறம் கொஞ்சம் மாறும், வடிகட்டிடலாம். அடுத்த ஜோடி வர்ற வரைக்கும் புள்ளி வாயைத் திறக்காது. 2000-லயே சோதனையில காட்டிட்டாங்க. 2017-ல தொடங்கின பிரான்ஸின் குவாண்டெலா கம்பெனி இதை விக்கவே செய்யுது.

சும்மா வராது. -269 டிகிரிக்குக் குளிர வைக்கணும். புள்ளி எங்க முளைக்கும்னு சொல்ல முடியாது. ஒளியில பெரும்பகுதி படிகத்துக்குள்ளயே சிக்கிக்கும்.

"டெகாய் முறை இருக்கே, லேசரே போதும்"ங்கறான் லேப் நண்பன். சாவிக்கு மட்டும்னா ஒத்துக்கறேன். ஆனா ஒளியில குவாண்டம் கணினி கட்டணும்னா, கேட்ட நேரத்துல, அச்சுல வார்த்த மாதிரி ஒவ்வொண்ணா வரணும். அங்க டெகாய் உதவாது.

2023 ஏப்ரல்ல 6003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வாங்கின தேசிய குவாண்டம் திட்டத்துல ஒற்றை ஃபோட்டான் மூலங்களும் இருக்கு. பாம்பே ஐஐடியில அகச்சிவப்பு உணரிகளுக்காக இந்தப் புள்ளிகளைப் பல வருஷமா வளர்க்கறாங்க. அந்தக் கைப்பழக்கத்தை ஃபோட்டான் பக்கம் திருப்பத்தான் முதல்ல காசு போகணும்ங்கறது என் கட்சி. லேசரையும் டிடெக்டரையும் வாங்கி அடுக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

ப்ராஜெக்ட் படிவத்துல புள்ளி வளர்க்கறதுன்னே எழுதிட்டேன். "இதுக்கு வேலை கிடைக்குமாடா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லலை...