மரத்தில் மாட்டிய யாழ்



கடலூர்ப் பகுதியில் முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், உயிர்ப்பு விழாவிற்குப் பின் வீடுகளை மந்திரிக்கச் சென்றிருந்தேன். ஓர் இல்லத்தில் அலமாரியின் மேல் பிடில் பெட்டியொன்று தூசு படிந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இளமையில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். 1941-ல் தமிழிசை மாநாடு கூடிய அந்த வளாகத்தில் கற்ற கலையை அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொடவேயில்லை.

“கடற்காற்றில் தந்திகள் துருப்பிடித்துவிட்டன, சாமி” என்றார். உண்மைக் காரணத்தை அவருடைய மனைவியார் பிறகு சொன்னார். திருவிழாப் பாடல் ஒன்றைப் பற்றிப் பாடற்குழுவின் தபேலாக்காரரோடு வாக்குவாதம் மூண்டதாம். அன்று மூடிய பெட்டி அது.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் தங்கள் யாழ்களை ஆற்றோரத்து மரங்களில் மாட்டிவைத்ததை 137-ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். அவர்கள் நாட்டை இழந்த துயரத்தால் மாட்டினார்கள். நாமோ பல வேளைகளில் மனத்தாங்கலால் மாட்டிவிடுகிறோம்.

“இந்த வயதில் சிறுவர்களோடு உட்கார வெட்கமாயிருக்கிறது” என்றவருக்குப் புனித இஞ்ஞாசியாரை நினைவூட்டினேன். போர்வீரராயிருந்த அவர், 1524-ல், முப்பது வயதைக் கடந்தபின், பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து லத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார்.

ஆசிரியர் புதுத் தந்திகள் வாங்கினார். விரல்கள் விறைத்திருந்தன. சரளி வரிசையிலிருந்தே மீண்டும் தொடங்கினார். மூன்று மாதம் வீட்டில் வாசித்துப் பழகியபின் ஒரு சனிக்கிழமை மாலை பாடற்பயிற்சிக்கு வந்தார்.

வீட்டில் தமக்கு இசைந்த சுருதியில் வாசித்தவர், இங்கே பிள்ளைகளின் குரலுக்கேற்பப் பிரடைகளைத் திருக வேண்டியிருந்தது. பிடிலின் வரலாறே அதுதான் அல்லவா? மேனாட்டில் தோளில் தாங்கி வாசிக்கும் கருவியை நம் இசைக்குப் பழக்கியவர்களுள் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). அது இங்கே தரையில் அமர்ந்து, தந்திகளை நம் சுருதிக்கு மாற்றிக்கொண்டு, பாடுபவருக்குத் துணையாயிற்று.

ஆனால் சுருதி சேர்ந்தும் ஆசிரியர் தடுமாறினார். தனியே வாசிக்கையில் தவறினால் நிறுத்தி, தவறிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். குழுவில் பாட்டு நமக்காக நிற்பதில்லை. அவர் பின்னோக்கிப் போய்ப் பிழையைத் திருத்த முயன்றபோதெல்லாம் மற்றவர்கள் இரண்டு அடி முன்னே போயிருந்தார்கள். அப்போது ஆர்மோனியம் வாசித்த பள்ளிச் சிறுமி சொன்னாள்: “தாத்தா, விட்ட இடத்திற்குப் போகாதீர்கள். நாங்கள் இருக்கும் இடத்திற்கு வந்துவிடுங்கள்.”

அதே தபேலாக்காரர் எதிரில் இருந்தார். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முதல் அடியையும் சற்றே அழுத்தித் தட்டினார், எங்கே வந்து சேர்வது என்று தம் பழைய நண்பருக்கு விளங்கும்படி. மூன்றாம் முறை பிடிலும் சேர்ந்துகொண்டது.

அச்சிறுமி சொன்னதை நான் பிரசங்கங்களில் இத்தனை எளிதாகச் சொன்னதில்லை. கணவன் மனைவியரும் உடன்பிறந்தாரும் சமாதானமாக விரும்பியும், யார் முதலில் தவறினார் என்ற இடத்திற்கே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறார்கள். அநியாயம் நடந்திருந்தால் அதைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான பிணக்குகள் அத்தகையவை அல்ல. அவற்றில் விட்ட தாளத்தைத் தேடுவதைவிட, இன்று ஒலிக்கும் பாட்டில் சேர்ந்துகொள்வதே வழி. வருபவருக்காக முதல் அடியை அழுத்தித் தட்டுவது மற்றவரின் கடமை.

ஊதாரி மகன் திரும்பிய நாளில் தந்தையின் வீட்டில் இசையும் நடனமும் கேட்டதாக லூக்காஸ் எழுதுகிறார். மூத்த மகனும் அதைக் கேட்டான். கேட்டும் உள்ளே போக மறுத்தான். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைத்தார்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் என்ன இருக்கிறது? இம்மாதமே அதை இறக்கித் தூசு தட்டுங்கள். பிறகு, கதவுக்கு வெளியே நிற்பவர் யாரென்றும் பாருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.