மேல்மாடிக் குழாயும் கேட்கும் உரிமையும்

அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி பக்கம் வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகள் பலருக்கு, "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வியைத் தாண்டி வந்த பிறகு கிடைப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல்போல வரும். புகார் சொன்னால், "மேல்மாடின்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று பதில் வரும்.

மேல்மாடியில் தண்ணீர் மெதுவாக வருவதற்குச் சாதி காரணமில்லை. அது வெறும் உயரக் கணக்கு. ஆனால் அதைச் சரிசெய்யச் சொல்லி யார் வாய்திறக்க முடியும், யார் வீடு பறிபோகுமோ என்று பயந்து பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. தோழர்களே, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

முதலில் கணக்கு. தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே இருந்தால், மேல்மாடிக் குழாய்க்குக் கிடைக்கும் உயரம் இரண்டு, மூன்று மீட்டர்தான். அதாவது 0.2 முதல் 0.3 பார். மூன்று மாடி கீழே தரைத்தளத்தில் இருப்பவருக்கு 1 பாருக்கு மேல் கிடைக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய் இறங்கினால், கீழ்வீட்டில் திறந்ததும் மேலே தண்ணீர் நின்றே போகும்.

10 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று ஒவ்வொரு குழாயிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு குழாய் மட்டும் மெதுவென்றால், அதன் முனை வலையில் போர் தண்ணீரின் உப்பு அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் போதும். எல்லாமே மெதுவென்றால், வால்வு பாதி மூடியிருக்கிறதா, பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், தொட்டியிலிருந்து மேல்மாடிக்கு மட்டும் அகலமான தனிக் குழாய் இறக்கலாம்; மேடை கட்டித் தொட்டியை உயர்த்தலாம்; தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிரஷர் பம்ப் மாட்டலாம். தெருவில் வரும் குடிநீர் வாரியக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது மட்டும் கூடாது. அது சட்டவிரோதம், பக்கத்து வீட்டின் பங்கைப் பிடுங்குவதும்கூட.

செலவு யாருடையது? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குழாய்களை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகையும் வாஷரையும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. இந்தச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் குடியிருப்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

சட்டம் இருந்தும் தண்ணீர் கைக்கு வராத கதை நமக்குப் புதிதல்ல. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்று 1924இல் தீர்மானம் போட்டது. ஆனாலும் சவதார் குளத்தின் நீரைக் குடிக்க, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோக வேண்டியிருந்தது. அதன்பின் தொடுக்கப்பட்ட வழக்கு 1937 வரை இழுத்தது.

பெரும்பாக்கத்தில் வாரியம் கட்டிய குடியிருப்புகள் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. அங்கே பம்ப் நின்றால் குடத்தோடு படியேறுவது பெரும்பாலும் பெண்கள்தான். எனவே இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

வீடு எடுக்கும்போதே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் குறைந்தால் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். அதே கட்டடத்தில் இருக்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, குறித்து வைத்த அளவைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். "தண்ணி சரியா வரல" என்று சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பார்கள். "10 லிட்டர் நிரம்ப ஒன்பது நிமிடம்" என்று ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அப்படிச் சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம்.