கணவாய் சொல்லும் சாட்சி

குரங்கு மனிதனானதை நம் முன்னோர் எவரும் கண்டதாக எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. ஆகவே டார்வின் சொன்னது தவறு, பாடத்தை மாற்று! 2018 ஜனவரியில் இப்படி முழங்கினார், அன்று ஒன்றிய ஆட்சியின் மனிதவளத் துறை இணை அமைச்சராயிருந்த சத்யபால் சிங். 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பாடம் வெட்டப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. அங்கே உயிரியல் எடுப்பவனுக்கல்லவா அது கிடைக்கும்? பத்தோடு படிப்பை முடித்துத் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைக்கு?

சாட்சிதானே கேட்டார்கள்? 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றுக்கு வரட்டும், காட்டுவோம்! அங்கே சுழலும் காற்றாலைகளுக்குக் காற்றை அனுப்புவது எது? மேற்கு மலையின் இடைவெளியான செங்கோட்டைக் கணவாய். காற்றுக்கு அது வழி. சில உயிர்களுக்கோ கடக்க முடியாத அகழி!

மலையுச்சிச் சோலைக்காட்டிலே சிறு பறவையொன்று உண்டு. சோலைக்கிளி என்பர்; பெயரில் மட்டுந்தான் கிளி. குளிர்ந்த சோலையை விட்டு வெப்பம் தகிக்கும் தாழ்நிலத்தைத் தாண்டாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் ஒரு கூட்டம். தெற்கே, ஆனைமலையிலும் பழனிமலையிலும் ஒரு கூட்டம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அசம்பு மலையில் இன்னொரு கூட்டம். இவற்றுக்குள் கொள்வினையில்லை, கொடுப்பினையில்லை. தலைமுறைதோறும் தோன்றிய சிறுசிறு மாறுதல்கள் அந்தந்த மலைக்குள்ளேயே தங்கின. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் குவிந்தன. நீலகிரிப் பறவைக்கு விலா செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு வயிறு வெள்ளை. வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து, மூன்றும் தனித்தனி உயிரினம் என்று 2017இல் அறிவித்தனர். அசம்பு மலைப் பறவைக்கு அப்போதுதான் புதுப்பெயரே சூட்டப்பட்டது. ஆண்டவன் மூன்று முறை படைக்கவில்லை, தோழர்களே! பிரிவும் காலமும் செய்த வேலை அது.

பறவைக் கதை பாட்டாளிக்கு எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது! மனிதருக்கிடையேயும் கணவாய் வெட்டினார்கள். தனித் தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. மீறி மணந்தால் அரிவாள். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதையும் கட்டினார்கள். ஐதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதென்ன? சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகே சாதிக்குள் மணம் என்ற கதவு சாத்தப்பட்டது.

அப்படிச் சாத்தியும் வேறு வேறு உயிரினம் ஆனோமா? இல்லை! பறவை பிரிய எடுத்த காலத்தின் முன் இரண்டாயிரம் ஆண்டு கண் சிமிட்டும் நேரம். எந்தச் சாதி ஆணும் எந்தச் சாதிப் பெண்ணும் மணந்தால் பிறப்பது மனிதக் குழந்தைதான். பறவையின் கணவாய் இயற்கை வெட்டியது. நம்முடையதோ மனிதன் வெட்டியது, மனிதனே தூர்க்கலாம். 1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியபோது விழுந்தது, அதில் ஒரு கூடை மண்.

பிறப்பால் பேதம் பேசுவோருக்கு இந்தப் பாடம் கசக்கத்தான் செய்யும். நூலிலிருந்து கிழிக்கட்டும்! படிப்பகத்தில், தொழிற்சங்கத்தில், தேநீர்க் கடையில் நாம் நடத்துவோம். மலையை யாரும் கிழித்துவிட முடியாது!